விருது வேறு, விசா வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

'சுலைமானின் கதை' என்ற பிரெஞ்சுப் படத்தில் நடித்த அபூ சாங்காரே பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தால், அவர் அதிர்ஷ்டசாலி, கான் திரைப்பட விழா விருதோடு அவருக்கு விசாவும், அதாவது பிரான்சில் தங்கும் அனுமதியும், கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. 2024 மே மாதம் விருது. அதற்குப் பிறகும் அவருடைய மனு மூன்றாவது முறையாக மறுக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவும் வந்தது. 2025 ஜனவரியில்தான் ஓராண்டு வதிவிட அட்டை கிடைத்தது. அதுவும் மெக்கானிக் வேலையை வைத்து, தொழிலாளி என்ற வகையில்.

படத்தில் அவர் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். பிரான்சில் அகதிக் கோரிக்கை கொடுத்தவர் முதல் 6 மாதம் வேலை செய்யக் கூடாது, பிறகும் தனி அனுமதி வேண்டும். ஆகவே உணவு விநியோகச் செயலியில் இன்னொருவருக்குள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். செயலி திடீரென்று முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும். கணக்குக்காரர் கையில் அகப்படாவிட்டால் அன்றைய வேலை போச்சு. கணக்கு முடங்கினால் அதில் நிற்கும் பணத்தைக் கேட்கவும் வழியில்லை, கணக்கு ஓடுபவரின் பெயரில் இல்லையே. இரவுப் படுக்கைக்கு, வீடற்றோருக்கான அவசர எண்ணான 115ஐ அழைத்துப் பதிய வேண்டும். தங்குமிடத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் தெருதான்.

கட்டுரை தொடாமல் விட்டது அகதிக் கோரிக்கை நேர்காணல் காட்சி. படத்தின் உயிரே அதுதான். காசு கொடுத்து வாங்கிய கேஸ், அதாவது இட்டுக்கட்டிய அகதிக் கதை, அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஒஃப்ரா அலுவலகத்தில் ஏன் உடைகிறது? சிறையில் இருந்தேன் என்றால் அதிகாரி அதோடு விடமாட்டார். அறையில் எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம், வெளியே வந்தது எப்படி என்று போவார். ஒரே கதையைப் பலருக்கு விற்பதால் அதே வரிகளை முன்பே கேட்டிருப்பார். மனப்பாடம் செய்தவர் கேள்வியின் வரிசை மாறியதும் திணறுவார். உண்மையைச் சொன்னாலும் சிக்கல்: தாயின் வைத்தியச் செலவுக்கு உழைக்க வந்தவருக்கு 1951 அகதி உடன்படிக்கையில் இடமில்லை. நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதமே.

சாங்காரே நோயாளித் தாய்க்காகவே 15 வயதில் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியை விட்டுக் கிளம்பி, லிபியா, இத்தாலி வழியாகப் பிரான்சின் ஆமியான் நகரம் வந்தவர். முன்பு நடித்ததே இல்லை. இயக்குநர் போரிஸ் லோஜ்கின் அந்தத் தாயின் கதையை அப்படியே படத்தின் நேர்காணலுக்குள் கொண்டுவந்தார். அந்த முகத்தில் தெரிவது அதிர்ஷ்டமா?

விசாவுக்குக் காத்திருக்கும் பையன்கள் பலர் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
பாரிஸ்