ஹீரோவை விட்டுவிட்டு ராயைப் பார்

அன்புள்ள கதிருக்கு,

‘பிளேட் ரன்னர்’ படத்தைப் போட்டுவிட்டுப் பாதியில் தூங்கிவிட்டேன் என்றாய். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1982-இல் வந்தபோது அமெரிக்காவிலேயே அது சரியாக ஓடவில்லை. இரண்டு வாரம் முன்னால் வெளியான ‘ஈ.டி.’ பக்கம்தான் கூட்டம். முதல் தடவை பார்க்கும்போது கதை எப்போது சூடுபிடிக்கும் என்று காத்திருப்போம். இதில் கதையே கொஞ்சம்தான். மனிதர்களைப் போலவே செய்யப்பட்ட ரெப்ளிகன்ட்கள் சிலர் தப்பி வருகிறார்கள், அவர்களை வேட்டையாடும் போலீஸ்காரன் டெக்கார்ட் தேடிப்போய்ச் சுடுகிறான்.

அவன் யாரை, எப்படிச் சுடுகிறான் என்று கவனித்த பிறகுதான் எனக்குப் படம் பிடிக்க ஆரம்பித்தது. தப்பி வந்தவர்களில் ஒருத்தியான ஜோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு உயிருக்குப் பயந்து ஓடுகிறாள். நம் ஹீரோ அவளை முதுகில் சுடுகிறான்! லியான் என்ற இன்னொரு ரெப்ளிகன்ட்டிடம் அடிவாங்கிச் சாகப்போனவனைக் காப்பாற்றுவதும் ரேச்சல் என்ற ரெப்ளிகன்ட் பெண்தான். டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டை நம்பித் தியேட்டருக்குப் போனவர்கள் நொந்திருப்பார்கள், பாவம்.

அப்புறம் நான் தப்பி வந்தவர்களின் தலைவன் ராய் பக்கம் போய்விட்டேன். இந்த ரெப்ளிகன்ட்களுக்கு ஆயுசு நாலே வருஷம். தன்னைப் படைத்தவனிடமே போய் ஆயுளைக் கூட்டித் தா என்று கேட்கிறான், நடக்கவில்லை. கடைசிச் சண்டையில் அவன் கை மடங்கி விறைத்துக்கொள்ளும்போது, பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் குத்திக்கொள்கிறான். வலித்தாலாவது கை இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யுமே! தொங்கிக்கொண்டிருக்கும் டெக்கார்டைத் தூக்கிவிடுவதும் அவன்தான். பிறகு மழையில் உட்கார்ந்து பேசுகிறானே, அந்த வசனத்தை ராயாக நடித்த ருட்கர் ஹவர் தானே சுருக்கி, மழையில் கரையும் கண்ணீர் என்ற வரியையும் சேர்த்தாராம். கதை நடப்பது 2019-இல். அதே வருஷம்தான் ஹவரும் இறந்தார்.

1982-இல் தியேட்டருக்கு வந்த பதிப்பில், ராய் செத்ததும் டெக்கார்டின் குரல் பின்னணியில் வந்து, இவன் என்னை ஏன் காப்பாற்றினான் என்று விளக்கம் சொல்லும். எனக்கு எரிச்சலாக வரும். 1992 பதிப்பில் அந்தப் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டார்கள். நீ 2007-இல் வந்த ‘ஃபைனல் கட்’டைப் பார். பழைய பிரதியில் கொட்டும் மழைக்கு நடுவே ராய் சாகும்போது அவன் கையிலிருந்து விடுபடும் புறா நீல வானத்தில் பறக்கும். ஜோரா ஓடும்போது டூப்பின் முகம் பளிச்சென்று தெரியும். இரண்டையும் இதில் சரிசெய்துவிட்டார்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த ராத்திரியில் போடாதே, ஞாயிற்றுக்கிழமை பார். டெக்கார்ட் காணும் அந்த ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவைக் கவனித்துக்கொள். அதை வைத்து, டெக்கார்டும் ரெப்ளிகன்ட்தான் என்று உன் அப்பா அடித்துச் சொல்கிறார். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டும் அவர் கட்சி. எனக்கு அவன் மனிதன்தான். மனிதனாக இருந்துகொண்டு ஜோராவை முதுகில் சுட்டால்தானே நமக்கு உறைக்கும்? பார்த்துவிட்டு நீ யார் பக்கம் என்று எழுது. அப்பாவிடம் முதலில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா