இரவில் பேச ஒரு செவிலியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. குழந்தையின் எடைக்குத் தகுந்தாற்போல்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலை யார் படித்துப் பார்க்கிறார்கள்? மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள 104 என்ற எண் இருக்கிறது. 108 தெரிந்த அளவுக்கு இது தெரியவில்லை. தடுப்பூசி அட்டையின் முகப்பிலேயே பெரிதாக அச்சடிக்கலாம். குழந்தை நலம் தெரிந்த செவிலியர்களை இரவிலும் அதில் பேச வைத்தால், கிராம சுகாதாரச் செவிலியரை நள்ளிரவில் எழுப்ப வேண்டியிருக்காது. பகலெல்லாம் அலைகிற அவரும் தூங்க வேண்டாமா?

– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி