செல்விக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் அண்ணனுக்கு, அவர் தங்கையின் ஸ்டெம் செல், அதுதான் ரத்த அணுக்களை உண்டாக்குகிற செல், முழுசாகப் பொருந்துகிறது என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவர் என்றாலும் நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அது வாய்த்திருக்கிறதே! வேலூரில் வீடு பார்க்கும்போது இரண்டு அறை உள்ளதாகப் பார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இங்கே, தன் தம்பியின் ஸ்டெம் செல்லை ஏற்றிக்கொண்ட இவர் நன்றாக இருக்கிறார். ரத்த வகை தம்பியுடையதாகவே மாறிவிட்டது, ஓ பாசிட்டிவாக இருந்தவர் இப்போது பி பாசிட்டிவ். குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசிகளை எல்லாம் மறுபடி போட்டாயிற்று. தட்டம்மை ஊசி மட்டும் இரண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள், போன மாதம் அதுவும் முடிந்தது. சின்னவள் பி.காம். கடைசி வருஷம்.

சாப்பாடு, மாத்திரை பற்றி நீ கேட்டதையெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு நீளக் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையேடி. அதனால் இது உனக்காக மட்டும் எழுதுவது.

செல் ஏற்றுகிற நாளை ஜீரோ நாள் என்பார்கள். பார்க்க ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். கஷ்டம் அதற்கப்புறம்தான். வெள்ளை அணு அடியோடு இறங்கிவிடும், வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கக்கூட முடியாது. புதுச் செல் பிடித்து, கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500-ஐத் தாண்ட இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். காலையில் கவுண்ட் வரும்வரை உனக்குக் காப்பி இறங்காது. போன் செய்கிற எல்லாரும் அதையேதான் கேட்பார்கள். அத்தனை பேருக்கும் தைரியமாகப் பதில் சொல்லிச் சொல்லியே நான் ஓய்ந்துபோனேன். அந்த வேலையை உன் மகனிடம் விட்டுவிடு, தினம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அவன் போடட்டும்.

பூவிலும் கிருமி இருக்குமாம், தலையில் பூ வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகக் கூடாது. முதல் நாள் பூவை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடும்போது என் மனசு என்னென்னவோ நினைத்தது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போ.

அண்ணன் உன்மேல் எரிந்து விழலாம், ஸ்டீராய்டு கொடுத்தால் இன்னும் அதிகமாக. நர்ஸிடம் சிரித்துப் பேசிவிட்டு இவர் என்னிடம் மட்டும்தான் சீறினார். உனக்கும் கோபம் வரும். நோயில் கிடக்கிறவர்மேல் கோபப்படுகிறேனே என்று அடுத்த நிமிஷமே மனசு குத்தும். கோபம் வருவது பாவமில்லை செல்வி. ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாமியாரிடமோ பிள்ளைகளிடமோ சொல்ல முடியாது, அவர்களுக்கு நீதான் தெம்பு. எனக்குக் கிடைத்தது பக்கத்து அறை நோயாளியின் மனைவி, கொல்கத்தாக்காரி. இருவருக்கும் இந்தி அரைகுறைதான். ஒருநாள் டீக்கடையில் நின்றபோது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருக்கிறது என்றேன். அவள் திடுக்கிடவே இல்லை, எனக்கும்தான் என்றாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

துணையாக இருப்பவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் நோயாளி அளவுக்கே வரும், சில சமயம் அதைவிட அதிகமாகவும் வரும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரித்து வை. நோயாளிக்குத்தானே என்று ஒதுங்காமல் உனக்காகவும் போய் உட்கார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் சொந்தக்காரர்கள் அப்பாடா என்று போனைக் குறைத்துக்கொள்வார்கள். எனக்கு ஆஸ்பத்திரியைவிட அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கடினமாக இருந்தன. 100 நாள் தாண்டும்வரை பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். அங்கே மணியடித்தால் நர்ஸ் வருவார், வீட்டில் நர்ஸும் நாம்தான். புதுச் செல் உடம்பைத் தாக்காமல் தடுக்கிற டாக்ரோலிமஸ் மருந்து நேரம் தவறக் கூடாது, ரத்தத்தில் அதன் அளவு பார்க்கிற நாளில் மட்டும் ரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஓட வேண்டும். உள்ளங்கை கொஞ்சம் சிவந்தாலே, தம்பியின் செல் இவர் உடம்பைத் தாக்க ஆரம்பித்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூங்கினாலும் காது விழித்திருக்கும். அதற்குத்தான் இரண்டு அறை. வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறு யாராவது அவர் பக்கத்தில் படுக்கட்டும், நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. என்ன உதவி வேண்டும் என்று உன் கொழுந்தனார் கேட்டாராமே, அவரிடம் இதைக் கேள். பணம் கொடுக்கப் பலர் வருவார்கள், ராத்திரி கண்விழிக்க ஆள் கிடைப்பதுதான் அரிது.

இன்னொன்று, இத்தனை வருஷத்தில் நாம் பேசியே இராத விஷயம். மாதக்கணக்கில் குளிப்பாட்டி, வாந்தி அள்ளி, மருந்து கொடுத்த பிறகு, புருஷன் பெண்டாட்டி என்பதே இருவருக்கும் மறந்துபோகும். இவருக்கு உடம்பு தேறிய பிறகும் எங்களுக்குள் பழைய நெருக்கம் வர வெகுநாள் ஆனது. சிகிச்சையால் ஆசை குறைவதும் உண்டு, ஹார்மோன் குறைந்திருந்தால் அதற்கு வைத்தியமும் உண்டு. டாக்டர் தானாக இதைப் பேசாமல் இருக்கலாம், கூச்சப்படாமல் நீ கேள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் நோயைப் பற்றிப் பேசுவதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் கதை, பழைய பாட்டு, தெருச் செய்தி என்று என்னவாவது பேசுவோம். எங்களை மறுபடி சேர்த்தது அதுதான் என்று நம்புகிறேன்.

ஜீரோ நாளுக்கு அடுத்த வாரம் நான் வந்து உன்னோடு இருக்கிறேன். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன். அட்மிஷன் தேதி முடிவானதும் சொல், காட்பாடிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் எந்நேரமானாலும் போன் பண்ணு, அண்ணனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அன்புடன்,
சாந்தி