வலிக்கென்றும் ஒரு மகளிர் குழு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நீடித்த உடல்வலியோடு பதினோரு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருபவள் என்ற முறையில், நம் அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்புகிறேன்.

இந்த நோயில் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கழுத்து, தோள், இடுப்பு என்று மாதக்கணக்கில் உடலெங்கும் வலி குடைவதும், இரவெல்லாம் படுத்தெழுந்தும் தூங்கிய உணர்வே இல்லாதிருப்பதும், சமையலறைக்குள் எதை எடுக்க வந்தோம் என்பது மறந்து நிற்பதும்தான் அதன் அடையாளங்கள். ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்று மருத்துவர் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியோடு வீடு திரும்புவார்கள். எனக்கோ அன்றுதான் வீட்டில் சோம்பேறி என்ற பெயர் நிலைத்தது.

அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 1990-இல் வகுத்த அளவுகோலில், உடலின் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று கணக்கிடுவார்கள். 2010-இல் அதே அமைப்பு அதை விடுத்து, வலி பரவியுள்ள பகுதிகளையும் களைப்பையும் உறக்கத்தையும் நோயாளியிடமே கேட்டறியும் முறைக்கு மாறியது. ஆக, எங்கள் வாய்ச்சொல்தான் இப்போது முக்கியச் சான்று. ஆனால், வலியை வெளியில் சொல்லாதிருப்பதே பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கப்பட்ட ஒருத்தி, புறநோயாளிகள் வரிசையில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வாள்?

எனக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்தது, பிசியோதெரபி அறைக்கு வெளியே இருந்த மரப்பெஞ்சுதான். அங்கு அறிமுகமான ஓர் அக்கா, எந்த நாளில், எந்த வேலைக்குப் பிறகு வலி கூடுகிறது என்பதைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். ஈரச் சேலையை மணிக்கட்டால் முறுக்காமல், குழாயில் மாட்டி, இரு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பிழியும் வித்தையும் அவர் காட்டியதுதான். வலி குறைந்த நாளில் ஒட்டடை முதல் ஊறுகாய் வரை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடக்கும் தவற்றை நானாக உணரவில்லை; ‘நானும் அப்படித்தான் கெட்டேன்’ என்று அவர் சிரித்தபோதுதான் உறைத்தது.

இதைத் தற்செயலான பெஞ்சுச் சந்திப்புக்கு விட்டுவிட வேண்டியதில்லை. 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை ஊர்தோறும் பழக்கமாக்கிய மாநிலம் இது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். எந்த வீட்டில் யார் வலியோடு முடங்கியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் அழைத்துவர, வட்டார மருத்துவமனைதோறும் வலியோடு வாழும் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம்.

ஒரு செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ உடன் இருப்பது அவசியம். இல்லையேல் மூன்றாவது கூட்டத்திலேயே யாரேனும் மூட்டுவலித் தைலம் விற்கத் தொடங்கிவிடுவார். என் வலி பெரிதா, உன் வலி பெரிதா என்ற போட்டியும் வந்து சேரும். அதைவிட முக்கியம், விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் வெகுநேரம் கை மடங்காமல் விறைத்திருப்பவருக்கு முடக்குவாதமாக இருக்கக்கூடும். தாமதித்தால் மூட்டே சிதைந்துவிடும் என்பதால், அவரைப் பேச்சில் தேற்றி வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஓர் அறை, ஒரு பிற்பகல், முதுகு சாய்த்து உட்கார நாற்காலிகள் போதும். பாய் மட்டும் விரிக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் எங்களில் பாதிப் பேரைத் தூக்கிவிட இன்னொரு குழு தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.