அடங்கலைப் பார்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் தவணை 2,000 ரூபாயை முன்கூட்டியே கணக்கில் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் பட்டா தன் பெயரில் இருப்பவருக்கு மட்டும். எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகையில் முள்ளுக் கத்திரி போட்டிருந்தேன். வேலூர் மார்க்கெட்டுக்கு வண்டி கிடைக்கவில்லை. பறித்த காய் சாக்கிலேயே சுருங்க, மாட்டுக்குக் கொட்டினேன். பணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறியது. அவரைக் குறை சொல்லமாட்டேன், குத்தகையில் பாதியைத் தள்ளிவிட்ட மனுஷர்.

அதே ஆண்டு, விவசாயியே அல்லாதவர்களையும் இதே திட்டத்தில் சேர்த்து, விவகாரம் சிபிசிஐடி வரை போனது. பயிர் வைத்தவனுக்குத்தான் இடமில்லை! எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பதிவேடு விஏஓவிடம் இருக்கிறதே, அடுத்த நிவாரணத்தையாவது அதில் உழுதவன் பெயரை ஏற்றிக் கொடுக்கட்டும்.

- குத்தகை விவசாயி ஒருவர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.