படத்தை முழுசாகப் போடுங்கள்: தடைக்காலத் திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது நம் ஊருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். அந்த நாட்களில் நீங்கள் சொந்தக் காசைப் போட்டுக் கடற்கரையில் திரை கட்டிப் படம் போடுகிறீர்கள். வாசலைத் தாண்டாத கிழவிகள்கூடப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு முதலில் என் நன்றி.

இந்த வருஷம் ஒரு ராத்திரியை எண்பதுகளின் பேய்க் காமெடிக்கு ஒதுக்கியிருப்பதாக நோட்டீஸில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே படித்த பிறகுதான் மனசு கனத்தது. முழுப்படம் கிடையாதாம். பத்துப் பதினைந்து படங்களிலிருந்து ரப்பர் கை, மாவு பூசிய முகம், கயிறு தெரிய பறக்கிற வௌவால் என்று பொறுக்கியெடுத்து ஒன்றரை மணி நேரத் தொகுப்பு. மேலே "இப்படியெல்லாம் படம் எடுத்தாங்க" என்று ஒரு தலைப்பு வேறு.

அந்தத் தொகுப்பைக் கைவிட்டு, ரெண்டு படத்தையாவது முழுசாகப் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா டெக் வாடகைக்கு விட்டவர், வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2ஆம் தேதி. அதுவரை தீவுக்குள் எது வந்தாலும் ரயிலில் வரவேண்டும், இல்லையென்றால் படகில் வரவேண்டும். அப்பாவின் கலர் டிவியும் டெக்கும் ரயிலில் வந்தவை. காது குத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் விடிய விடிய மூணு படம். முதலில் சாமி படம், அடுத்தது சண்டைப் படம். மூணாவதாக, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில், இங்கிலீஷ் பேய்ப்படம். நாங்கள் எங்கே தூங்கினோம்? அம்மாவின் முந்தானைக்குள் கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். உப்புக் காற்றுக்கு டெக்கின் ஹெட் அடிக்கடி அழுக்காகும், படம் கோடு கோடாக ஓடும். அப்பா நிறுத்திவிட்டு ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டுத் துடைப்பார். அந்த அஞ்சு நிமிஷ இருட்டில் ஒருத்தரும் எழுந்து ஒன்றுக்குக்கூடப் போகமாட்டார்கள்.

அமெரிக்காவில் சாம் ரெய்மி எடுத்த 'ஈவில் டெட்' இரண்டாம் பாகத்தை அப்படித்தான் பார்த்தேன். 1987இல் வந்த படம். காட்டுக்குள் ஒரு மரவீடு. கதாநாயகனின் வலது கையில் மட்டும் பேய் ஏறிவிடும். அது தட்டுகளை எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கும், அவனைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் அவன் மரம் அறுக்கிற எந்திரத்தால் அந்தக் கையை அறுத்து, ஒரு வாளிக்குள் கவிழ்த்து மூடி, மேலே புத்தகங்களைப் பாரமாக வைப்பான். எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, ஆனால் கதை சொல்வது அவர்தான். "அடேய், ஓங் கையே ஓம் பேச்சக் கேக்கலையே!" என்று அவர் சொன்னதும் மணலில் இருந்த கூட்டம் முழுக்கக் குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. வலைக்கயிறு சுற்றி ரெண்டு விரலை இழந்தவர். மீதி மூணு விரலையும் தூக்கித் தூக்கிக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

வாளிமேல் இருந்த புத்தகத்தின் பெயர் 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆயுதத்துக்கும் கைக்கும் இங்கிலீஷில் ஒரே சொல், அதை வைத்து ஒரு விளையாட்டு. அந்தச் சிரிப்பு அன்றைக்கு எங்களுக்கு எட்டவில்லை. எட்டாததால் எதுவும் குறைந்துபோகவும் இல்லை.

இப்போது உங்கள் தொகுப்புக்கு வருகிறேன். அந்தக் கையை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் அது ரப்பர் கை. அரை மணி நேரம் அந்த வீட்டுக்குள் அவனோடு மாட்டிக்கொண்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னலில் முகம் தெரியும் என்று பயந்து உட்கார்ந்திருந்தால் அது அவன் கை. அடிவயிற்றில் கிடந்த பயம்தான் சிரிப்பாக வெளியே வருகிறது. பயத்தை நீங்களே வெட்டிப் போட்டுவிட்டால், நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஏளனம் மட்டும்தான்.

இன்னொன்று, நீங்கள் மட்டம் என்று பொறுக்கியவை பலவும் கைவேலை. ரெய்மி முதல் பாகத்தை எடுக்கத் தொடங்கும்போது அவருக்கு வயது 20. தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் உள்ளூர்க்காரர்களிடம் பணம் திரட்டி, சுமார் 3,75,000 டாலரில் முடித்தார். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. கேமராவை ஓட்டத் தண்டவாளமோ வண்டியோ இல்லை. ஒரு மரப் பலகையில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையாக ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வருகிற அந்தக் காட்சி இப்படி எடுத்ததுதான். மீன் கூடையில் கம்பைக் கொடுத்து ரெண்டு பேர் ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு வருவார்களே, அதே ஓட்டம். ரத்தம் என்பது மக்காச்சோளச் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தது. இது தெரிந்து பார்த்தால் யாருக்கும் அந்தப் படம் மட்டமாகத் தெரியாது.

பீட்டர் ஜாக்சனைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூசிலாந்தில் புகெருவா பே என்ற கடலோரச் சிற்றூரில் வளர்ந்தவர். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு நாலு வருஷம் எடுத்த படம் 'பேட் டேஸ்ட்', 1987. மனிதக் கறி தேடி வேற்றுக்கிரகத்துக்காரர்கள் ஒரு கடலோர ஊருக்கு வருகிற கதை. அவர்களின் ரப்பர் முகங்களை அம்மாவின் அடுப்படி ஓவனில் வைத்துத்தான் சுட்டார். ஆள் பத்தாமல் அவரே ரெண்டு வேஷம் போட்டார். ஒரு மலை விளிம்பில் அந்த ரெண்டு வேஷமும் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒருத்தர் தாடியோடு, இன்னொருத்தர் தாடியில்லாமல். ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கலாம், அதுவே ஒரு சுகம். அதே ஆள் பிற்பாடு எடுத்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் பாகம் 11 ஆஸ்கர் வாங்கியது. உங்கள் குழுவில் போனில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் ரெண்டு மூணு பேர் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் அந்தச் சண்டையைப் பார்த்தே ஆகவேண்டும், அதுவும் முழுசாக.

சரி, குறை இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. காசில்லாமல் வந்த குறைகளை நான் பொருட்படுத்தவில்லை. இருட்டில் பாதிப் படம் தெரியாது, சத்தம் ஒட்டாது, ஒரு மணி நேரக் கதையை இழுத்து ஒன்றரை மணியாக்கியிருப்பார்கள். அதெல்லாம் போகட்டும். ஹிந்தியில் ராம்சே சகோதரர்கள் ஏழு பேர், கேமரா ஒருத்தர், சத்தம் ஒருத்தர், எடிட்டிங் ஒருத்தர் என்று வீட்டுக்குள்ளேயே வேலையைப் பிரித்துக்கொண்டு பேய்ப்படம் எடுத்தார்கள். 1984இல் வந்த அவர்களின் 'புரானா மந்திர்' படத்தில் பேய் ஒரு பக்கம் வரும். காமெடியன் ஜக்தீப் 'ஷோலே' படத்தைக் கிண்டல் பண்ணுகிற காமெடி தனியாக இன்னொரு பக்கம் ஓடும். ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. பேய் இருட்டில் காத்துக்கொண்டிருக்க, படம் வேறு எங்கோ போய்விடும். எனக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கும் அதனால் காயம் இல்லை.

காயம் பண்ணுகிற குறைகள் வேறு. ஈவில் டெட் முதல் பாகத்தில் காட்டுக் கொடிகள் ஒரு பெண்ணைப் பிடித்துச் சீரழிக்கிற காட்சி உண்டு. எங்கள் வீட்டு வாசலில் அது ஓடியபோது அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக்கூட எழவில்லை. அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் அப்பாவே கேசட்டை வேகமாக முன்னுக்கு ஓட்டிவிடுவார். இந்த வகைப் படங்களில் பெண் என்றால் ஓடுவாள், விழுவாள், துணி கிழியும், கத்துவாள். அதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். 1984இல் வந்த 'தி டாக்ஸிக் அவெஞ்சர்' படத்தில் சைக்கிளில் போகிற ஒரு சின்னப் பையனைக் காரை ஏற்றிக் கொல்வதைக்கூட வேடிக்கையாகக் காட்டியிருப்பார்கள். அதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. வரவும் கூடாது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, பேய் பிடித்தவரை வைத்துச் சிரிக்கிற காட்சி. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஆடுவாள், காமெடியன் வேப்பங்குலையால் அடிப்பான், அவள் திருப்பி அறைவாள், அவன் உருளுவான். நம் மொழியிலும் இது ஏராளம், இன்றைக்கு வரைக்கும் வருகிறது. உங்கள் தொகுப்பில் இப்படி மூணு காட்சி இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நாம் இருக்கிற கரையை நினைத்துப் பாருங்கள். ஏர்வாடி நமக்கு எவ்வளவு தூரம்? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநல விடுதியில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேரைச் சொந்த ஊரில் பேய் பிடித்தவர் என்று சொல்லியிருப்பார்கள்! மனசு சரியில்லாதவரை மனுஷராகப் பார்க்காத பழக்கத்துக்கு அந்த வேப்பங்குலைச் சிரிப்பும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். முதல் பிரசவத்துக்கு அப்புறம் உடம்புக்கு முடியாமல் போய், பல மாசம் அங்கே இங்கே என்று கொண்டுபோய் வைத்திருந்து, தெளிந்து வீட்டுக்கு வந்தவர். அப்பா படம் போடும்போது கூட்டத்துக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்துகொண்டு உட்காருவார். வாளிக்குள் கை குதிக்கிற காட்சியில் எல்லாரையும்போல அவரும் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாள், பேயோட்டுகிற காமெடிக் காட்சி வந்தது. முன்னால் இருந்த பையன்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் படம் பார்க்க வரவே இல்லை. அந்தப் பையன்களோடு நானும்தான் திரும்பிப் பார்த்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அதனால் என் வேண்டுகோள் இது. அந்த மூணு காட்சியும் வேண்டாம். 'ஈவில் டெட்' முதல் பாகம் கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம். ரெண்டாம் பாகத்தையும் 'பேட் டேஸ்ட்'டையும் பெரியவர்களுக்கு மட்டும் என்று நோட்டீஸிலேயே போட்டு, பத்து மணிக்கு மேல் ஓட்டுங்கள். தொடங்குவதற்கு முன்னால் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, இந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள், இதில் எது தப்பு என்று ரெண்டையும் மறைக்காமல் சொல்லட்டும். உங்கள் குழுவில் இருக்கிற தங்கச்சிகளில் ஒருத்தி பேசினால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு வேறு படம் வைத்திருக்கிறேன். ஹாங்காங்கில் 1985இல் வந்த 'மிஸ்டர் வேம்பயர்'. பழைய சீன அதிகாரி உடையில் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, முழங்காலை மடக்காமல் குதித்துக் குதித்து வருகிற பிணங்கள். நெற்றியில் மஞ்சள் மந்திரக் காகிதம் ஒட்டியிருந்தால் அசையாது, காற்றில் காகிதம் பறந்தால் போச்சு. பிணம் கீறி ஏறிய விஷம் முறிய ஒட்டரிசி வாங்கப் போனால் கடைக்காரர் சாதாரண அரிசியைக் கலந்து கொடுத்துவிடுவார். அந்த இடத்தில் அன்றைக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டுவதும் அடிப்பதும் பெரும்பாலும் பிணத்தோடுதான். அதிலும் ரெண்டொரு இடம் பிள்ளைகளுக்கு ஆகாது. எங்கே என்று எனக்குத் தெரியும், நானே பக்கத்தில் இருந்து அதைத் தாண்டி ஓட்டிவிடுகிறேன்.

இந்தப் பிணங்களுக்கு ஆளைத் தெரிவது மூச்சை வைத்துத்தான். மூச்சை அடக்கிக்கொண்டால் முகத்துக்கு முகம் வந்து நின்றாலும் கடந்து போய்விடும். திரையில் அவர்கள் மூக்கைப் பிடித்ததும் மணலில் உட்கார்ந்திருந்த நாங்கள் நாற்பது பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். ஒரு சத்தம் இல்லை, அலை மட்டும்தான் கேட்டது. யாரோ ஒரு வாண்டு தாங்கமாட்டாமல் புஸ்ஸென்று மூச்சை விட, அத்தனை பேரும் அலறிச் சிரித்தோம்.

ஆகவே ஜெனரேட்டரைத் திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள். போன வாரம் அதன் இரைச்சலில் பாதி வசனம் கேட்கவில்லை. ஐஸ் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வயர் பத்தாது என்றால் எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த சுருள் கிடக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
டெக்குக்காரர் மகள்