மஹோகனியை முண்டு முண்டா நறுக்கின மரப்பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி மரப்பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம் சார், வணக்கம் மேடம். எந்த மரம்னு உங்களுக்கே தெரியும். வேர் நடைபாதையைத் தூக்கிடுச்சுன்னு சிவப்பு பெயின்ட்ல பெருக்கல் குறி போட்டீங்களே, அந்த மஹோகனிதான். வெட்டக் கூடாதுன்னு நான் ஒருநாளும் சொல்லலை, இப்பவும் சொல்லலை. நான் மரத்தைப் பலகையா அறுக்கிறவன், மனுவுல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: அடிமரத்தை எட்டடிக்குக் குறையாம வெட்டிப் போடுங்க, எடுத்துட்டுப் போக ரெண்டு நாள் டைம் குடுங்க, வண்டி, ஆளு, கூலி எல்லாம் என் பொறுப்பு. மூணு வாரம் முன்னாடியே குடுத்தேன், "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதிலும் வந்துச்சு.

போன வியாழக்கிழமை செயின்சா சத்தம் கேட்டு ஓடுறேன், அதுக்குள்ள கிளையெல்லாம் இறக்கி அடிமரத்தையும் சாய்ச்சாச்சு. கவட்டை வரைக்கும் பன்னெண்டு அடி, நூல் பிடிச்ச மாதிரி நேரு, விட்டம் ரெண்டரை அடி இருக்கும். ரெண்டு இஞ்சு கனத்துல அறுத்தா பத்துப் பலகை தாராளமா தேறும், அதுவும் அந்தக் கவட்டைக்குள்ள நார் பின்னிக்கிட்டு வர்ற டிசைன் இருக்கே, அதுக்காகவே ஆசாரிங்க காத்துக் கிடப்பாங்க. நான் "அண்ணே ஒரு நிமிஷம்"னு கத்தினதும் ஆபரேட்டர் நிறுத்தினார், அவர் மேல ஒரு தப்பும் இல்ல, "ஒன்றரை அடிக்கு மேல போனா லாரியில தூக்க முடியாது, மேல இருந்து ஆர்டர்"ன்னார். உங்க ஆபீசுக்கு போன் போட்டேன். நாலு தடவை. ஒரு டேபிள்ல இருந்து இன்னொரு டேபிளுக்கு மாத்தி மாத்தி விட்டாங்க, ஹோல்டுல ஓடுற மியூசிக் எனக்கு இப்ப மனப்பாடம். போனை வெச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா எட்டு முண்டு. கவட்டை ஏற்கனவே மரத்தைச் சில்லு சில்லா ஆக்குற சிப்பர் மெஷினுக்குள்ள.

ஒன்றரை அடி முண்டை வெச்சு என்ன பண்றதுன்னு யோசிச்சீங்களா? வெட்டின முனை வழியாத்தான் ஈரம் வேகமா போகும், அங்கதான் முதல்ல வெடிப்பு விடும், அதனாலதான் அறுப்புக்காரங்க அன்னிக்கே ரெண்டு முனைக்கும் மெழுகோ பெயின்டோ பூசிடுவோம். முண்டுல ரெண்டு பக்க வெடிப்பையும் கழிச்சா மிஞ்சுறது ஒரு ஸ்டூலுக்குக் கூட காணாது. இத்தனைக்கும் மஹோகனி காயும்போது ரொம்ப சுருங்காத, முறுக்கிக்காத மரம், நீளமா மட்டும் விட்டிருந்தா பலகையா அறுத்து, அடுக்குக்கு நடுவுல ரீப்பர் குச்சி வெச்சு நிழல்ல காத்தோட்டமா போட்டு வெச்சாப் போதும். இஞ்சுக்கு ஒரு வருஷம்னு தோராயக் கணக்கு, ரெண்டு இஞ்சு பலகைக்கு ரெண்டு வருஷம். எனக்கு அந்தப் பொறுமை இருக்கு. உங்க ஃபைலுக்குக் காத்திருந்து வந்த பொறுமைதான்.

ரோட்டோர மரத்துல ஆணி இருக்கும், பிளேடு போயிடும்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தர் அறிவுரை சொன்னார். தெரியும் சார். அதுக்குத்தான் மெட்டல் டிடெக்டர் வெச்சிருக்கேன், அப்படியும் தப்பிப் போய் பிளேடு போனா அது என் பிளேடு. ஆனா அந்த ஆணியெல்லாம் யாரு அடிச்சது, விளம்பரத் தகரத்தை மரத்துல மாட்டும்போது எந்தப் பிரிவு பரிசீலனையில இருந்துச்சு, மூணடி அகல நடைபாதையில இவ்ளோ பெருசா வளர்ற மரத்தை நடச் சொன்ன புத்திசாலி யாரு, நட்டப்ப போட்டோ எடுக்க வந்த கூட்டம் வெட்டினப்ப ஏன் வரலை... சரி விடுங்க, கேக்க வந்தது இது இல்ல.

மத்திய, தென் அமெரிக்கக் காட்டுல வளர்ற பெரிய இலை மஹோகனியை அளவுக்கு மீறி வெட்டிட்டாங்கன்னு அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல 2002ல சேர்த்து, 2003 நவம்பர்ல இருந்து பர்மிட் இல்லாம எல்லை தாண்டக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. அப்படிப்பட்ட மரம் நம்ம ரோட்டுலயே படுத்துக் கிடக்குது, நாம அதைச் சிப்ஸ் ஆக்கிப் பூங்காச் செடிக்கு மூடாக்கு போடுறோம். செடிக்கு நல்லதுதான், இல்லேங்கல. ஆனா அதுக்குக் கிளை போதுமே சார், கவட்டை எதுக்கு?

அதே வரிசையில இன்னும் ரெண்டு மரத்துல பெருக்கல் குறி இருக்கு. அதுல ஒண்ணு போனதை விடப் பருமன். திரும்பவும் அதேதான் கேக்குறேன்: எட்டடி நீளம், ரெண்டு நாள் டைம். லாரியில தூக்க முடியாதுன்னா ஏத்தவே வேண்டாம், ஓரமா உருட்டி விட்டுட்டுப் போங்க, கப்பி, சங்கிலியோட நான் வந்துடுறேன். எனக்குத்தான் குடுக்கணும்னும் இல்ல, வேற அறுப்புக்காரங்க கேட்டா அவங்களுக்கே குடுங்க, சந்தோஷம். வெட்டுறதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க சார், தயவுசெஞ்சு. நம்பர் மனுவோட ரெண்டாம் பக்கத்துல, கையெழுத்துக்குக் கீழ இருக்கு.

இப்படிக்கு,
அந்த எட்டு முண்டையும் வீட்டுக்கு உருட்டிட்டு வந்தவன்